முதல் வகுப்பில் மட்டும் ஒரு நாய்

இந்திய ரயில்வேயின் பயணக் கட்டண விதிகளுக்கிடையே, பார்வையற்ற பயணி தம்மோடு அழைத்துவரும் வழிகாட்டி நாயைப் பற்றிய சிறு விதி ஒன்று உண்டு. குளிரூட்டப்பட்ட முதல் வகுப்பிலோ சாதாரண முதல் வகுப்பிலோ செல்லும் பார்வையற்றவர், அவ்வகுப்பில் நாய்களுக்கு உள்ள பொது நிபந்தனைகளுக்கு உட்பட்டு, தம் நாயைப் பெட்டிக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம் என்றும், துணையாள் இல்லாமல் சலுகைச் சீட்டில் முதல் வகுப்பில் செல்பவராயின் அந்த நாய்க்கு, கார்டு வண்டியில் ஏற்றும் நாய்க்குரிய கட்டணமே வாங்கப்படும் என்றும் அது கூறுகிறது. மனிதத் துணையின் இடத்தை ஒரு விலங்கு நிரப்பக்கூடும் என்று ஒப்புக்கொண்ட மிகச் சில இந்திய அரசு விதிகளில் இது ஒன்று என்பதால், மாற்றுத்திறனாளிகளின் வரலாற்றில் இதற்குத் தனி மதிப்பு உண்டு. ஆயினும் இவ்வுரிமை வகுப்போடு பிணைக்கப்பட்டது. இரண்டாம் வகுப்பிலும் படுக்கை வசதிப் பெட்டியிலும் நாய்க்கு இடமில்லை. அவ்வகுப்புகளில் செல்வோர் நாயைக் கார்டு வண்டியில் உள்ள நாய்ப்பெட்டியில் அடைத்து அனுப்பவேண்டும். பார்வையற்றவருக்குக் கண்ணாக இருக்கும் நாயை அவரிடமிருந்து பிரித்து வண்டியின் கடைசியில் பூட்டிவைப்பது, அதை அழைத்துவராமல் இருப்பதற்கே சமம். இவ்விதியின் பொருளும் எல்லையும், தருமபுரி மாவட்டத்து மொரப்பூரைப் போல ரயிலை நம்பி வளர்ந்த ஓர் ஊரிலிருந்து பார்க்கும்போது மிகத் தெளிவாகத் தெரிகின்றன.

சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைக்குப் பாதை அமைத்த மெட்ராஸ் ரயில்வே நிறுவனம் 1860களின் தொடக்கத்தில் ஜோலார்பேட்டைக்கும் சேலத்துக்கும் இடையே தண்டவாளம் போட்டபோது, அப்பாதை தருமபுரி நகரைத் தொடாமல் அதற்குக் கிழக்கே விலகிச் சென்றது. அந்த விலகலால் மொரப்பூர், தருமபுரிக்கும் அரூர் வட்டாரத்துக்கும் ரயில் வாசலாயிற்று. 1876 முதல் 1878 வரை சேலம் மாவட்டத்தை வாட்டிய பெரும்பஞ்சத்தின் நினைவு மாறாத நிலையில், பஞ்ச காலத்தில் உள்நாட்டுக்குத் தானியம் கொண்டுசெல்ல உதவும் பாதுகாப்புப் பாதைகள் திட்டமிடப்பட்டன. அவற்றுள் ஒன்றாக மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு இரண்டரை அடி அகலமுள்ள குறுகிய பாதை 1906இல் திறக்கப்பட்டு, 1913இல் ஓசூர் வரை நீண்டது. சென்னையிலிருந்து அகலப்பாதை வண்டியில் வந்தவர் மொரப்பூரில் இறங்கி, மூட்டையோடு பிளாட்பாரம் மாறி, சிறுவண்டியில் ஏறித் தருமபுரி செல்வது 35 ஆண்டுகள் நீடித்த வழக்கம். 1941இல், இரண்டாம் உலகப் போரின் நடுவே, அப்பாதை மூடப்பட்டது.

ஊருக்கு ஊர் போவதையே ரயில் எளிதாக்கியது. வீட்டுத் திண்ணையிலிருந்து நிலையம் வரையிலான நடை, பார்வையற்றவருக்கு முன்பிருந்தபடியே இருந்தது. மொரப்பூரின் சிறுவண்டி ஓடிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அந்த நடைக்கு ஒரு புதிய விடை ஐரோப்பாவில் உருவாயிற்று. முதல் உலகப் போரில் நச்சுப்புகையாலும் குண்டுச் சிதறல்களாலும் பார்வையிழந்து திரும்பிய ஜெர்மானியப் படைவீரர்களுக்காக, மருத்துவர் கெர்ஹார்ட் ஸ்டாலிங் 1916ஆம் ஆண்டு ஓல்டன்பர்க் நகரில் வழிகாட்டி நாய்களுக்கான முதல் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். 1923இல் போட்ஸ்டாம் நகரில் அமைந்த மற்றொரு பள்ளியைக் கண்ட டோரதி யூஸ்டிஸ் என்னும் அமெரிக்கப் பெண்மணி, சுவிட்சர்லாந்தில் தாமே நாய்களை வளர்த்துப் பழக்கியவர். அவர் 1927 நவம்பரில் ஓர் அமெரிக்க வார இதழில் எழுதிய கட்டுரை, டென்னசி மாநிலத்துப் பார்வையற்ற இளைஞரான மோரிஸ் ஃபிராங்கின் செவிக்கு எட்டியது. ஃபிராங்க் 1928இல் சுவிட்சர்லாந்து சென்று, 'பட்டி' எனப் பெயரிட்ட பெண் ஜெர்மன் ஷெப்பர்டு நாயோடு திரும்பினார். 1929 ஜனவரியில் அமெரிக்காவில் 'சீயிங் ஐ' என்னும் வழிகாட்டி நாய்ப் பயிற்சிப் பள்ளி பிறந்தது. 1931இல் இங்கிலாந்தின் வாலசி நகரில் முதல் நான்கு நாய்கள் பயிற்சி முடித்தன.

ஃபிராங்க் தம் வாழ்நாளில் பெரும்பகுதியைச் செலவிட்டது நாயைப் பழக்குவதில் அன்று, நாய்க்குக் கதவைத் திறக்கச் செய்வதில்தான் என்பது கவனத்துக்குரியது. அமெரிக்க ரயில் நிறுவனங்களும் முதலில் நாயைச் சாமான் வண்டிக்கே அனுப்பின. அவர் ஊர் ஊராகப் பயணம் செய்து வாதிட்டதன் பயனாக 1935ஆம் ஆண்டளவில் அந்நாட்டின் ரயில் நிறுவனங்கள் அனைத்தும் வழிகாட்டி நாய் தன் உரிமையாளருடனேயே இருக்க இடம் தந்தன. இந்திய ரயில்வேயின் விதியும் அந்த அமெரிக்கப் பள்ளியின் பெயராலேயே நாயைக் குறிப்பிடுவதால், அதன் ஊற்று எங்கே என்பதில் ஐயமில்லை. அங்கே எல்லாப் பயணிகளுக்கும் கிடைத்த உரிமை, இங்கே முதல் வகுப்பின் வாசலோடு நின்றுவிட்டது.

வழிகாட்டி நாய் செய்யும் வேலையைப் பற்றிப் பொதுவாக நிலவும் எண்ணம் சரியானதன்று. போகவேண்டிய இடத்தை நாய் அறிவதில்லை. வழியை மனதில் வைத்திருந்து, வலம் இடம் என்று ஆணையிடுபவர் பார்வையற்றவரே. நாயின் மார்பைச் சுற்றிய பட்டையிலிருந்து எழும் விறைப்பான கைப்பிடியை அவர் இடக்கையில் பற்றியிருக்க, நாயின் உடல் சற்றே விலகுவதையும் தயங்குவதையும் அந்தக் கைப்பிடி அவருக்கு உடனுக்குடன் உணர்த்துகிறது. நாயின் கடமை நேர்கோட்டில் நடப்பது, படியின் விளிம்பில் நிற்பது, தலைக்கு மேல் தாழ்ந்து தொங்கும் கிளையைக்கூட மனித உயரத்தைக் கணக்கிட்டு ஒதுக்கிச் செல்வது ஆகியவை. எல்லாவற்றிலும் அரியது, ஆணையை மீறும் பயிற்சி: நடக்கும்படி சொன்னாலும் எதிரே வண்டி வருமாயின் நாய் அசையாமல் நிற்கவேண்டும். குட்டிப் பருவத்தில் ஏறத்தாழ ஓராண்டு ஒரு குடும்பத்தில் வளர்ந்து, பின்னர்ப் பல மாதங்கள் பள்ளியில் பழகி, இறுதியில் உரியவரோடு சில வாரங்கள் சேர்ந்து பயின்ற பிறகே அது வேலைக்கு வருகிறது. இதன் செலவு மிகப் பெரிது. பயன்பெறுவோர் தன்மானத்தோடு பெறவேண்டும் என்பதற்காகச் 'சீயிங் ஐ' பள்ளி அவர்களிடம் 150 டாலர் மட்டும் வாங்கும் முறையை 1930களில் ஏற்படுத்தியது. மீதியைப் பொதுமக்களின் நன்கொடை சுமந்தது. பிற்காலத்தில், சக்கர நாற்காலியில் இருப்போருக்குக் கீழே விழுந்த பொருளை எடுத்துத் தருவதற்கும், செவித்திறன் இல்லாதவருக்குக் கதவு மணியை உணர்த்துவதற்கும் நாய்கள் பழக்கப்பட்டன. இவை அனைத்தையும் சேர்த்து உதவி நாய்கள் என்பர்.

மொரப்பூர் வட்டாரத்துக்கு நாயின் துணை புதிதன்று. அரூருக்கு வடகிழக்கே உள்ள செங்கம் பகுதியில், எடுத்தனூர் என்னும் ஊரில், பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகல் ஒன்று உள்ளது. நடுகல் என்பது போரில் அல்லது கால்நடை மீட்பில் இறந்தவரின் நினைவாக நடப்படும் கல். எருமைகளைக் காக்கும் பூசலில் இறந்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனின் உருவத்தோடு அக்கல்லில் ஒரு நாயும் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்ற அதன் பெயரும், அது இரு கள்வரைக் கடித்துக் காவல் நின்ற செய்தியும் எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. ஏழாம் நூற்றாண்டில் ஒரு நாயின் பெயரைக் கல்லில் வெட்டிவைத்த சமூகம், நாயின் உழைப்பை மதிக்கத் தெரியாத சமூகமாக இருந்திருக்க முடியாது. தருமபுரியை அடுத்த அதியமான்கோட்டையில் நாயை ஊர்தியாகக் கொண்ட காலபைரவர் இன்றும் பெருங்கூட்டத்தை ஈர்க்கிறார். எனினும் இந்த மதிப்பு முழுவதும் காவலுக்கும் வேட்டைக்கும் உரியது. அந்நியரைக் கண்டால் குரைப்பதே இங்கு நல்ல நாயின் இலக்கணம். வழிகாட்டி நாய்க்கோ ஆயிரம் அந்நியர் நடுவில் அமைதியாக நடப்பதே முதல் பாடம்.

நாயின் மீதான இந்த மதிப்புக்கு எதிர்த்திசையில் வேலை செய்தது வெறிநோயின் அச்சம். 1900இல் இமயமலைச் சரிவிலுள்ள கசௌலியிலும், 1907இல் நீலகிரியின் குன்னூரிலும் பாஸ்டர் நிறுவனங்கள் தொடங்கும்வரை, வெறிநாய் கடித்தவருக்கு இந்நாட்டில் நம்பத்தக்க சிகிச்சை இல்லை. நகராட்சிகள் தெருநாய்களைப் பிடித்துக் கொல்வதையே நீண்ட காலம் கொள்கையாகக் கொண்டிருந்தன. 1959இல் கேப்டன் சுந்தரம் சென்னையில் நிறுவிய புளூகிராஸ் அமைப்பு கருத்தடையை மாற்றுவழியாக வலியுறுத்தியது; சென்னை மாநகராட்சி அதை 1990களின் நடுவில் ஏற்றது. 2001இல் நாடு முழுவதற்குமான விதிகள் வந்தன. கொல்வதை நிறுத்தியது சரியான முடிவே. ஆனால் கருத்தடையும் தடுப்பூசியும் சிற்றூர்களுக்கு உரிய அளவில் சென்று சேரவில்லை. தெருவுக்கொரு கூட்டமாக நாய்கள் எல்லை வகுத்து வாழும் ஊரில், பட்டை பூட்டிய நாயோடு ஒருவர் நடந்தால் அந்தக் கூட்டம் பாய்வது அந்த நாயின் மீதுதான். நடைபாதை இல்லாத சாலை, கடைவாசலில் நிறுத்திய இருசக்கர வண்டிகள், சித்திரை வெயிலில் பாதத்தைச் சுடும் தார் ஆகியவற்றோடு இதுவும் சேரும்போது, நேர்கோட்டில் நடக்கப் பழகிய நாய்க்கு நடக்க ஒரு கோடே இல்லாமல் போகிறது.

ஆகவே தமிழகத்தில் பார்வையற்றோர் கல்வியும் மறுவாழ்வும் நாயைத் தொடாத வழியில் வளர்ந்தன. 1890இல் ஆஸ்க்வித் அம்மையார் பாளையங்கோட்டையில் தொடங்கிய பள்ளி எழுத்தையும் கைத்தொழிலையும் கற்பித்தது. இரண்டாம் உலகப் போரில் பார்வையிழந்த இந்தியப் படைவீரர்களுக்காக 1943இல் டேராடூனில் ஏற்பட்ட செயின்ட் டன்ஸ்டன் விடுதியை நடத்திய கிளுத்தா மெக்கன்சி, தாமே முதல் உலகப் போரில் பார்வையிழந்த நியூசிலாந்துக்காரர். அங்கும் பிரெயிலும் தொழிலும் பயிற்றப்பட்டனவேயன்றி, ஜெர்மனி தன் வீரர்களுக்குத் தந்தது போல நாய்கள் தரப்படவில்லை. ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்க ராணுவ மருத்துவமனையில் ரிச்சர்டு ஹூவர் வகுத்த நீண்ட வெள்ளைக்கோல் முறை, உணவு கேட்காத, நோய்ப்படாத, எவரும் வாங்கக்கூடிய கருவியாகப் பிற்காலத்தில் இந்தியப் பள்ளிகளில் இடம்பெற்றது.

கோலுக்கும் முன்பிருந்து இன்றுவரை நீடிப்பது மனிதத் துணை. தோளைப் பற்றியோ கோலின் மறுமுனையைப் பிடித்தோ முன்னே நடக்கும் பேரப்பிள்ளையின் உருவம் தமிழ்நாட்டுச் சாலைகளில் பழகிய ஒன்று. அரசின் சலுகைகளும் அந்த உருவத்தையே அச்சாகக் கொண்டன. ரயிலில் பார்வையற்றவருக்கு இரண்டாம் வகுப்பிலும் படுக்கை வசதியிலும் நான்கில் மூன்று பங்கு கட்டணம் தள்ளுபடியாவதோடு, உடன்வரும் துணையாள் ஒருவருக்கும் அதே சலுகை உண்டு. 2021 முதல் தமிழக அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிக்கும் துணையாளுக்கும் கட்டணமில்லை. இவை ஏழைக் குடும்பங்களுக்குப் பெரும் உதவி என்பதில் மறுப்பில்லை. ஆனால் துணையாளின் சீட்டுக்குச் சலுகை தந்த எவரும் துணையாளின் நாளுக்குக் கணக்கு எழுதவில்லை. ஒருவர் மருத்துவமனைக்கோ உதவித்தொகை அலுவலகத்துக்கோ போகும் ஒவ்வொரு நாளும், உடன்போகும் மற்றொருவர் ஒரு நாள் கூலியை இழக்கிறார். அந்த மற்றொருவர் சிறுவனாகவோ சிறுமியாகவோ இருந்தால் ஒரு நாள் பள்ளியை இழக்கிறார். அவர்களின் ஓய்வு நேரத்தைப் பார்த்தே பார்வையற்றவர் வெளியே போகமுடிகிறது என்பது இன்னும் ஆழமான இழப்பு. வழிகாட்டி நாய் தரும் உண்மையான விடுதலை, எவரையும் கேட்காமல் கிளம்பலாம் என்பதே.

சட்டம் இந்த இடத்தில் பாதி தூரம் வந்து நிற்கிறது. 2007இல் இந்தியா ஏற்புறுதி அளித்த ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, நடமாட்டத்துக்குக் கருவிகளோடு உயிருள்ள துணையையும் கிடைக்கச் செய்யவேண்டும் என்கிறது. அதன் வழியில் பிறந்து 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 21 வகைக் குறைபாடுகளை ஏற்று, போக்குவரத்தையும் கட்டடங்களையும் தடையற்றதாக்கப் பணித்தாலும், உதவி நாயோடு கடைக்கோ பேருந்துக்கோ நுழையும் உரிமையைப் பெயர் சொல்லித் தரவில்லை. அமெரிக்காவில் பயிற்சி முதலில் வந்து, உரிமை பின்னால் வந்தது. இங்கே பயிற்சிப் பள்ளிகள் வேரூன்றாததற்கு உரிமையின்மையும், உரிமை கேட்பாரின்மைக்குப் பள்ளியின்மையும் காரணமாகி, இரண்டும் ஒன்றையொன்று கட்டிப்போட்டுள்ளன.

நாட்டு நாய்கள் இந்த வெயிலைத் தாங்கும் என்பதால் அவற்றையே பழக்கலாமே என்ற கேள்வி எழுவது இயல்பு. ராஜபாளையம் நாயினத்துக்கு 2005இல் அஞ்சல் தலையே வெளியானது. ஆனால் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகியவை துரத்தவும் காக்கவும் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. ஓடும் முயலைக் கண்டும் அசையாதிருக்கும் குணத்துக்காக அவற்றை எவரும் தேர்ந்ததில்லை. லாப்ரடாருக்கு அக்குணம் உண்டு, வெயில்தான் தடை. ஆகவே தமிழகத்தில் இத்தொழில் தொடங்குமானால் அது தேர்ந்த இனப்பெருக்கத்தோடு, பல தலைமுறைப் பொறுமையோடு தொடங்கவேண்டும். அதைவிட முந்தியது, நாய் இல்லாமல் கோலோடு நடப்பவருக்கும் இன்றே தேவைப்படும் தொடர்ச்சியான நடைபாதை.

மொரப்பூருக்கும் தருமபுரிக்கும் இடையே மீண்டும் ரயில் ஓடவேண்டும் என்ற நெடுங்காலக் கோரிக்கைக்குப் பின், ஏறத்தாழ 36 கிலோமீட்டர் அகலப்பாதைக்கு 2019இல் அடிக்கல் நாட்டப்பட்டது. ஆனால் வழிகாட்டி நாயைப் பற்றிய ரயில் விதி முதல் வகுப்பையே இன்னும் பேசுகிறது. அரூர், தருமபுரி மக்கள் சென்னைக்கும் கோவைக்கும் செல்ல மொரப்பூரில் ஏறும் கோவை எக்ஸ்பிரஸ், இருக்கைப் பெட்டிகள் மட்டுமே கொண்ட பகல்நேர வண்டி. அதில் முதல் வகுப்பு கிடையாது.