பவளத்துக்கு நியாய விலை எது?

கன்னியாகுமரி கடற்கரைக் கடைகளில் சங்கு, சிப்பி மாலை எல்லாம் கிடைக்கும். ஆனால் முருகைக்கல் என்று நம் பக்கத்தில் சொல்லும் பவளப்பாறையின் ஒரு துண்டைக்கூட விற்கக் கூடாது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நிலைமை வேறு. வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் உயிருள்ள பவளத்தை வளர்த்து, ஒடித்து, துண்டு துண்டாக விற்கிறார்கள். விரல் நுனி அளவுத் துண்டுக்கு எவ்வளவு கேட்பது நியாயம்? இந்தக் கேள்விக்கு வயது ஏறக்குறைய இரண்டாயிரம்!

முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட 'பெரிப்ளூஸ்' என்ற கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு குமரி முனையையும், அங்கே நீராடி நோன்பிருந்தவர்களையும் சொல்கிறது. அடுத்து, பாண்டிய நாட்டுக் கொற்கையில் முத்துக் குளித்தவர்கள் தண்டனை பெற்ற கைதிகள் என்கிறது. மேற்குக் கரையில் முசிறிக்கு வந்திறங்கிய பொருட்களின் பட்டியலில் பவளமும் இருக்கிறது. அது மத்தியதரைக் கடலின் சிவப்புப் பவளம். அதாவது முத்து இங்கிருந்து போனது, பவளம் அங்கிருந்து வந்தது.

அதே நூற்றாண்டில் ரோமானிய அறிஞர் பிளினி இன்னொன்றைக் கவனித்தார். இந்தியாவில் நல்ல விலை கிடைத்ததால், பவளம் விளைந்த நாட்டிலேயே அது அரிதாகிவிட்டதாம். ஓர் ஊரில் ஏறும் விலை இன்னொரு ஊரின் கடலைக் காலி செய்யும் என்பதற்கு இதைவிடப் பழைய சாட்சி தேவையில்லை.

மன்னார் வளைகுடாவில் நடந்தது இதற்கு நேர் எதிர். அங்கே பாறை கட்டும் பவளங்களுக்கு நகை மதிப்பு இல்லை. சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் அவற்றை உடைத்துத் தோணியில் ஏற்றினார்கள். அந்த விலையில் உடைத்தவரின் கூலி இருந்தது, தோணி வாடகை இருந்தது. பாறை வளர எடுத்துக்கொண்ட காலம் மட்டும் இல்லை. உருண்டைப் பவளங்கள் வருடத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். பாறை போனதும் அலையைத் தடுக்க ஆளில்லை. 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் நீருக்குள் போய்விட்டன.

1986இல் இந்தப் பகுதி கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2001இல் கல் பவளங்கள் முழுவதும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்தன. புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு!

சரி, வீட்டில் வளர்த்ததை விற்றால் என்ன தப்பு? பவளத்தை ஒடித்து நட்டால் முருங்கைக் கொம்பு போலத் துளிர்க்கும் என்பது உண்மைதான். வளர்ப்பவர் விளக்குக்கு மின்சாரம், உப்பு, மாதக்கணக்கான காத்திருப்பு எல்லாவற்றுக்கும் செலவு செய்கிறார். கடலில் உடைத்து எடுப்பவருக்கு அந்தச் செலவே கிடையாது. வளர்த்ததின் விலை மிக அதிகமானால், வாங்குபவர் கடலில் உடைத்ததைத் தேடுவார். மிகக் குறைந்தால், வளர்ப்பவர் கைவிட்டுவிடுவார். ஆக, நியாய விலை என்பது இரண்டுக்கும் நடுவே உள்ள ஒரு மெல்லிய கோடு. இரண்டு துண்டுகளையும் கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது என்பதுதான் பெரிய சிக்கல். இந்தோனேசியா 2018இல் பவள ஏற்றுமதியையே நிறுத்தியது. 2020இல் பண்ணையில் வளர்த்தவற்றுக்கு மட்டும் மீண்டும் கதவைத் திறந்தது. அங்கே எல்லாமே கண்காணிப்பையும் ஆவணத்தையும் நம்பி நிற்கிறது. இந்தியச் சட்டம் அந்தச் சோதனைக்கே இடம் கொடுக்கவில்லை.

பவளத்துக்கு மூடிய வழி மீனுக்குத் திறந்தது. 2003இல் வந்த 'ஃபைண்டிங் நீமோ' படத்தால் பிரபலமான கோமாளி மீன்களை, மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் விழிஞ்ஞம், மண்டபம் நிலையங்கள் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைத்தன. 1956 வரை நாஞ்சில் நாடும் விழிஞ்ஞமும் ஒரே நிர்வாகத்தில் இருந்தவை. குளச்சலிலிருந்து பார்த்தால் அது அடுத்த ஊர் மாதிரிதான்.

தூத்துக்குடிக் கடலிலோ 2002 முதல் ஆய்வாளர்கள் பவளத் துண்டுகளைச் செயற்கைத் தளங்களில் கட்டி நட்டு வருகிறார்கள். வெளிநாட்டுத் தொட்டிக்காரர் கையாளும் அதே ஒடித்து நடும் முறைதான். ஒரே வித்தியாசம், இந்தத் துண்டுகளுக்கு விலைச்சீட்டு கிடையாது. சுண்ணாம்பு விலைக்கு விற்ற பாறையை இப்போது ஒவ்வொரு துண்டாகக் கையால் நட வேண்டியிருக்கிறது. அன்றைய கணக்கில் விட்டுப்போன செலவு இதுதான்.