காஸியன் பிளர்: ஒரு முகத்தை மறைக்கும் கணக்கு

டி.வி. செய்தியில் முகம் கலங்கலாகத் தெரிய ஒருவர் பேசுவதை எல்லோரும் பார்த்திருப்போம். எடிட்டிங் மென்பொருளில் அதைச் செய்யும் ஃபில்டரின் பெயர் பெரும்பாலும் "காஸியன் பிளர்". யார் இந்த காஸ்?

1801 ஜனவரி 1 அன்று இத்தாலியில் பியாஸி என்பவர் சீரிஸ் என்ற சிறு கோளைக் கண்டுபிடித்தார். சில வாரங்களில் அது சூரிய ஒளியில் மறைந்துவிட்டது. கிடைத்த கொஞ்சம் அளவீடுகளை வைத்தே, அது மீண்டும் எங்கே தெரியும் என்று கணக்கிட்டுச் சொன்னவர் ஜெர்மனியின் கார்ல் பிரெடரிக் காஸ் (1777–1855). அந்த ஆண்டு முடிவதற்குள் சீரிஸ் மீண்டும் கிடைத்தது. அளவீட்டுப் பிழைகள் மணி வடிவ வளைவில் பரவும் என்பதை 1809-இல் அவர் நூலாக எழுதினார். 1733-லேயே தெ மொய்வர் இதே வளைவைத் தொட்டிருந்தாலும், பெயர் காஸுக்கே நிலைத்தது.

சரி, இதற்கும் வீடியோவுக்கும் என்ன சம்பந்தம்? ஃபில்டர் ஒவ்வொரு புள்ளியையும் சுற்றியுள்ள புள்ளிகளோடு கலந்து சராசரி எடுக்கிறது. பக்கத்துப் புள்ளிக்கு அதிகப் பங்கு, தள்ளியிருப்பதற்குக் குறைந்த பங்கு. அந்தப் பங்கு குறையும் விதம்தான் காஸின் வளைவு. பிழைகளுக்கு நடுவே தெளிவைத் தேடப் பயன்பட்ட கணக்கு, இங்கே தெளிவைக் குலைக்க உதவுகிறது!

பழைய பால் முறை வீடியோவில் ஒரு ஃபிரேமுக்கு 720×576 புள்ளிகள், நொடிக்கு 25 ஃபிரேம்கள். 21×21 கட்டத்தில் நேரடியாகக் கலந்தால் நொடிக்குச் சுமார் 457 கோடி பெருக்கல்கள். முதலில் கிடைவாட்டிலும் பிறகு செங்குத்தாகவும் கலந்தால் அதே விடை சுமார் 43.5 கோடியில் வந்துவிடும். இப்படி இரண்டாகப் பிரிக்க முடிவது இந்த வளைவின் பெரிய வசதி.

இது வெறும் அலங்காரம் அல்ல. கடத்தூர் இருக்கும் அதே தருமபுரி மாவட்டத்தின் வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று சந்தனமரத் தேடுதல் என்ற பெயரில் நுழைந்த அரசு ஊழியர்களால் 18 பெண்கள் வன்கொடுமைக்கு ஆளாயினர். 2011 செப்டம்பர் 29 அன்று 215 பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பு வந்தது. 2023-இல் சென்னை உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இத்தகைய வழக்குகளில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம் என்ற சட்டப்பிரிவு 228ஏ, 1983-லேயே வந்துவிட்டது. 2024 ஜூலை முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவு.

ஆனால் முகத்தைக் கலக்கினால் மட்டும் போதுமா? அடையாளம் காட்டும் எந்தத் தகவலும் வெளிவரக்கூடாது என்று 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நிபுண் சக்சேனா வழக்கில் சொன்னது. பெருநகரில் முகம் மறைந்தால் ஆள் மறையலாம். கடத்தூர் மாதிரி ஊரில் புடவை, குரல், வீட்டு வாசல், நடை என எது தெரிந்தாலும் யாரென்று பக்கத்துத் தெருவுக்குத் தெரிந்துவிடும்.

தொழில்நுட்பத்திலும் ஓட்டைகள் உண்டு. ஒரு நிமிட வீடியோவில் 1500 ஃபிரேம்கள். ஆள் தலையைத் திருப்பும்போது மறைப்பு ஒரே ஒரு ஃபிரேமில் விலகினாலும் போதும், நிறுத்திப் பார்ப்பவருக்கு முகம் கிடைத்துவிடும். லேசான கலங்கலும் பாதுகாப்பு அல்ல. மறைத்த முகங்களையும் கணினிக்குப் பயிற்சி கொடுத்து அடையாளம் காண முடியும் என்பதை 2016-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினர். ஃபில்டர் முகத்தின் தகவலைக் குறைக்கிறதே தவிர, முழுதாக அழிப்பதில்லை.

எனவே ஒருவரின் மானமும் உயிரும் சம்பந்தப்பட்ட இடத்தில் முகத்தின் மேல் ஒரே நிறப் பட்டையை வைத்து மூடுவதும், குரலை மாற்றுவதும், ஒவ்வொரு ஃபிரேமாகச் சரிபார்ப்பதும்தான் சரியான வழி. கல்யாண வீடியோவின் பின்னணியை மென்மையாக்க காஸியன் பிளர் அருமையான கருவி. ஒரு பெண்ணைக் காப்பாற்ற அது மட்டும் போதாது.