கொம்பனி மூடினால் கண் யாருடையது?

விஞ்ஞான வரலாற்றை நாங்கள் பெரும்பாலும் ஏணிப்படி மாதிரித்தான் வாசித்துப் பழகியிருக்கிறோம். ஒருவர் ஒரு படி ஏறுவார், அடுத்தவர் அடுத்த படி. செயற்கை விழித்திரையின் கதையையும் முதலில் அப்படியே சொல்லிப் பார்ப்போம்.

1755இல் பிரெஞ்சு மருத்துவர் சார்ல்ஸ் லெ ருவா, பார்வையிழந்த ஒருவரின் தலையில் கம்பியைச் சுற்றி மின்சாரம் பாய்ச்சினார். பார்வை வரவில்லை. ஆனால் கண்முன்னே சுவாலை ஒன்று இறங்கியது மாதிரி இருந்ததாக அந்த மனிதர் சொன்னார். 1968இல் இங்கிலாந்தில் ஜைல்ஸ் பிரின்ட்லியும் லூயினும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பார்வையிழந்த 52 வயதுப் பெண் ஒருவரின் மூளையில், பார்வைக்குரிய பகுதியின் மேல் 80 மின்வாய்களை வைத்திருந்தார்கள். மின்சாரம் கொடுத்தபோது அவருக்கு வெளிச்சப் புள்ளிகள் தெரிந்தன.

மூளையை விட்டுக் கண்ணுக்குள் வந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. கண்தானத்தில் மாற்றப்படுவது கண்ணின் முன்பக்கத்துத் தெளிந்த படலம் மட்டும்தான். பின்னாலிருக்கிற விழித்திரை பழுதானால் அதை மாற்ற ஏலாது. ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற பரம்பரை நோயில், விழித்திரையில் வெளிச்சத்தை உணரும் கலங்கள் மெல்ல மெல்லச் செத்துப்போகின்றன. ஆனால் மூளைக்குச் செய்தி கொண்டுபோகிற நரம்புக் கலங்கள் பல உயிரோடு இருக்கும். அவற்றை நேரடியாக மின்சாரத்தால் தட்டி எழுப்பினால் என்ன? 1990களில் மார்க் ஹுமாயுன் குழுவினர், நோயாளிகள் விழித்திருக்கும்போதே கண்ணுக்குள் மின்வாயை வைத்துச் சோதித்தார்கள். வெளிச்சம் தெரிந்தது.

அந்த வழியில் வந்ததுதான் கலிபோர்னியாவின் செகண்ட் சைட் கொம்பனி செய்த ஆர்கஸ். 2002இல் பொருத்திய முதல் மாதிரியில் 16 மின்வாய்கள், ஆர்கஸ் 2இல் 60. மூக்குக்கண்ணாடியில் சின்னக் கமெரா, இடுப்பில் ஒரு கணினிப் பெட்டி, அங்கிருந்து கம்பியில்லாமல் கண்ணுக்குள்ளிருக்கும் கருவிக்குச் சமிக்ஞை. 2011இல் ஐரோப்பாவிலும் 2013இல் அமெரிக்காவிலும் அனுமதி கிடைத்தது. விலை ஏறத்தாழ 150,000 டொலர். உலகம் முழுக்க 350க்கும் மேற்பட்டோர் பொருத்திக்கொண்டார்கள். அவர்கள் கண்டது மினுங்கும் புள்ளிகளைத்தான். ஆனாலும் கதவு எங்கே, வீதியின் வெள்ளைக்கோடு எங்கே, முன்னால் ஆள் நிற்கிறாரா என்று பழகப் பழகப் பிடித்துக்கொண்டார்கள். கனகாலம் ஒன்றுமே தெரியாமல் இருந்தவருக்கு அது சின்ன விசயம் இல்லைத்தானே.

இப்போது அதே வருசங்களை மற்றப் பக்கத்திலிருந்து வாசிப்போம்.

2013இல் நியூயோர்க்கின் சுரங்க ரயில் நிலையம் ஒன்றில், ஆர்கஸ் பொருத்திய பெண் ஒருவர் ரயில் மாறப் போகிறார். கருவி பீப் பீப் என்று கத்துகிறது. அதோடு வெளிச்சம் நின்றுவிட்டது, திரும்ப வரவேயில்லை. கழட்டுவதற்குச் செய்யும் சத்திரசிகிச்சையிலும் ஆபத்து இருப்பதால், செத்த கருவியைக் கண்ணுக்குள்ளேயே விட்டுவிட்டார்.

2019இல் செகண்ட் சைட் ஆர்கஸ் 2ஐக் கைவிட்டு, மூளையில் வைக்கும் புதுக் கருவிப் பக்கம் திரும்பியது. 2020 மார்ச்சில் பெரும்பாலான ஊழியர்களை நிறுத்தியது. இதையெல்லாம் 2022இல் ஐஇஇஇ ஸ்பெக்ட்ரம் சஞ்சிகை வெளிக்கொண்டுவந்தது. ஒருவருக்குத் தலைசுற்று வந்து, எம்.ஆர்.ஐ எடுக்கலாமா என்று கேட்க மருத்துவர்கள் முயன்றபோது, கொம்பனியில் பதில் சொல்ல ஆளைப் பிடிக்க முடியவில்லை.

ஒரு கொம்பனியோடு இது முடியவில்லை. 1,500 ஒளியுணரிகள் கொண்ட சிப் செய்த ஜெர்மனியின் ரெட்டினா இம்பிளான்ட் 2019இல் கடையை மூடியது. பிரான்ஸின் பிக்சியம் விஷன் 2024இல் காசில்லாமல் விழுந்தது. காரணங்கள் வேறுவேறாக இருக்கலாம். ஆனால் கொம்பனி போனாலும் கருவி கண்ணுக்குள் கிடக்கிறது.

பிக்சியம் கொம்பனியின் பிரிமா சிப்பைப் பாருங்கள். 2 மில்லிமீற்றர் சதுரம், 378 மின்வாய்கள், கம்பியே இல்லை. கண்ணாடியிலிருந்து வரும் அகச்சிவப்பு ஒளியிலேயே இயங்கும். முதுமையில் விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துபோன 38 பேருக்குப் பொருத்தினார்கள். ஒரு வருசம் கழித்துப் பரிசோதித்த 32 பேரில் 26 பேருக்குப் பார்வை குறிப்பிடத்தக்க அளவு கூடியிருந்தது. எழுத்துகளையே வாசித்தார்கள். இந்த முடிவு வெளிவந்தது 2025 ஒக்டோபரில். அதற்கு முந்திய வருசம்தான் அதைச் செய்த கொம்பனி விழுந்து, பிரிமாவை அமெரிக்காவின் சயன்ஸ் கோர்ப்பரேஷன் வாங்கியிருந்தது. ஒருவரும் வாங்க முன்வந்திருக்காவிட்டால்? அந்த 38 பேரின் கதியை நினைத்துப் பாருங்கள்.

378 எப்போது ஆயிரங்களாகும் என்பது பொறியியலாளர்களின் கேள்வி. வரலாறு படிக்கிற எங்களுக்கு வேறு கேள்விகள் இருக்கின்றன. கண்ணுக்குள் வைப்பதற்கு முன்பே, எத்தனை வருசம் திருத்தித் தருவோம் என்று எழுத்தில் கொடுப்பார்களா? கொம்பனி மூடினால் வரைபடமும் மென்பொருளும் யார் கைக்குப் போகும்? உதிரிப்பாகத்துக்கு ஒரு நிதி ஒதுக்கப்படுமா? பழுதான போனை மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டு இன்னொன்று வாங்கலாம். கண்ணுக்குள் இருக்கிறதை என்ன செய்வது?

மின்வாய்களின் எண்ணிக்கையை மட்டும் எழுதினால் அது ஏணியின் வரலாறு. அதில் ஏறி நின்றபோது ஏணி எடுக்கப்பட்டவர்களின் வரலாறும் கூடவே எழுதப்பட வேண்டும். அடுத்த கருவியைப் பொருத்தப் போகிறவர் கையெழுத்துப் போடுவதற்கு முன் வாசிக்க வேண்டியது அதைத்தான்.