லேப் கிரேட்டிங்கும் எக்ஸ்ரே படமும்



முதலாண்டு பிசிக்ஸ் லேப் ஞாபகம் இருக்கிறதா? சோடியம் விளக்கு, ஸ்பெக்ட்ரோமீட்டர், நடுவில் ஒரு கிரேட்டிங். "இதெல்லாம் எதுக்குடா உதவப் போகுது?" என்று முணுமுணுத்தவர்களில் நானும் ஒருவன். பதில் ரொம்ப லேட்டாகத்தான் கிடைத்தது.

சில வருஷம் முன்பு என் அத்தைக்கு எடுத்த மார்பக எக்ஸ்ரேயில் கட்டி தெரியவில்லை. தெரிந்தபோது நன்றாக வளர்ந்திருந்தது. ஏன் தெரியவில்லை என்று தேடப் போய்த்தான் இந்த வரலாறு கைக்கு வந்தது.

1895-ல் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். அன்று முதல் எக்ஸ்ரே படம் என்பது நிழல்தான். எலும்பு கதிரை நன்றாகத் தடுக்கும். சதையும் கட்டியும் ஏறக்குறைய ஒரே அளவுதான் தடுக்கும். உடம்புக்குள் சிதறும் கதிர் வேறு படத்தை மங்கலாக்கும். அதை வடிகட்ட 1913-ல் ஜெர்மனியின் குஸ்டாவ் பக்கி ஈயப் பட்டைகளால் கிரிட் செய்தார். கிரிட்டின் கோடுகளே படத்தில் விழுந்தன! அமெரிக்காவின் ஹாலிஸ் பாட்டர், படம் எடுக்கும்போதே கிரிட்டை நகர்த்தி அந்தக் கோடுகளை மறைத்தார். மங்கல் குறைந்தது. ஆனால் சதைக்கும் கட்டிக்கும் உள்ள வித்தியாசம் அப்படியேதான் இருந்தது.

வழி வேறு பக்கம் திறந்தது. எக்ஸ் கதிரும் ஓர் அலைதானே? திசுவைக் கடக்கையில் அதன் கட்டம் (ஃபேஸ்) மாறுகிறது. லேசான தனிமங்களில் இந்த விளைவு, தடுப்பைவிடச் சுமார் 1000 மடங்கு பெரிது. 1965-ல் போன்ஸ், ஹார்ட் இருவரும் சிலிக்கான் படிகத்தில் எக்ஸ்ரே இன்டர்ஃபெரோமீட்டர் செய்தார்கள். 1990-களில் ஜப்பானின் மொமோசே அந்த முறையில் மென்திசுவைப் படம் பிடித்தார். ஆனால் அதற்கு சிங்க்ரோட்ரான் என்ற ராட்சத இயந்திரம் வேண்டும். எந்த ஆஸ்பத்திரியில் அது இருக்கும்?

2006-ல் சுவிட்சர்லாந்தில் ஃப்ரான்ஸ் ஃபைஃபர் குழு சாதாரண எக்ஸ்ரே குழாயையே வைத்துச் சாதித்தது. எப்படி? மூன்று கிரேட்டிங்! ஒன்றைப் படிப்படியாக நகர்த்திப் பல படம் எடுத்து, கணக்குப் போட்டுக் கட்டத்தைப் பிரித்தார்கள். 2021-ல் மியூனிக் ஆய்வாளர்கள் இதே கிரேட்டிங் வழியில், கதிர் நுண்ணிய அளவில் சிதறுவதை அளந்து, நோயாளிகளின் நுரையீரல் சேதத்தைப் படமாகக் காட்டினார்கள்.

வேலை முடிந்துவிடவில்லை. நகர்த்தும் இடைவெளியில் நோயாளி அசைந்தாலோ மெஷின் அதிர்ந்தாலோ படத்தில் வரிகள் விழும். உடம்பைக் கடந்து வந்த கதிரில் ஒரு பங்கைக் கிரேட்டிங் விழுங்கிவிடும்; ஈடுகட்ட டோஸைக் கூட்ட வேண்டும். பாட்டர் பட்ட அதே பாடு, நூறு வருஷம் கழித்தும்!

அதிர்வும் அளவும் யார் வேலை? நம்ம வேலைதான், தம்பிகளா. அடுத்த முறை லேபில் கிரேட்டிங்கைக் கையில் எடுக்கும்போது ஒரு நிமிஷம் என் அத்தையை நினைத்துக்கொள்ளுங்கள்.