உருகியின் வரலாறு

எடிசனின் விளக்குக்கு முன்பே உருகி பிறந்துவிட்டது. 1847இல் பிரெஞ்சு நாட்டு லூயி பிறெகே, தந்தி நிலையங்களை மின்னலினின்று காக்க மெல்லிய கம்பியை இடையிலே பொருத்துமாறு கூறினார். கம்பி அறும், கருவி பிழைக்கும். 1880இல் எடிசன் அதனை விளக்குச் சுற்றுக்குக் கொணர்ந்து காப்புரிமை பெற்றார்.

கொட்டியாரக் குடாவையண்டிய கட்டைபறிச்சான் போன்ற ஊர்களுக்கு மின்சாரம் தரும் நிலைமாற்றிக்கோ உருகி தெரிவது நுட்பமான காரியம். 33,000 வோல்ற்றில் இயங்கும் 100 கிலோவோல்ற்று-அம்பியர் நிலைமாற்றி முழுச்சுமையில் 1.75 அம்பியரே பெறும். ஆயினும் இணைக்குங் கணத்தில் பத்து மடங்கும் இழுக்கக்கூடும். முழுச்சுமைக்குச் சரியாக உருகி இட்டால், பழுதேதுமின்றியே அது அறும். மிகத் தடித்ததாயின் நிலைமாற்றியே கருகி, ஊர் இருளும். வீட்டிலே உருகிக்குப் பதிலாகத் தடித்த செம்புக்கம்பி சுற்றும் கெட்டிக்காரரும் உளர். அங்கே முதலிற் தீய்வது சுவருக்குள் ஓடும் கம்பி.