ஓடைக்கரையும் குரங்கணியும்

பேரிடரில் உயிர்ப்பலி நேர்ந்ததும் திருப்பூர் வட்டாரத்தில் இரக்கத்தோடு சேர்ந்தே எழும் கேள்வி, 'அங்கே ஏன் போனாங்க?' என்பது. இறந்தவரின் துணிச்சலையே காரணமாக்கும் இக்கேள்விக்கு அண்மை வரலாறு ஒன்று உண்டு.

உடுமலையை அடுத்த திருமூர்த்திமலை பஞ்சலிங்க அருவியில் 2008 மே மாதம் திடீர் வெள்ளம் குளித்துக்கொண்டிருந்தவர்களை அடித்துச்சென்றது. 'அங்கே ஏன் போனாங்க?' என்று கேட்பது எளிது; ஆனால் மலைமேல் பெய்யும் மழை கீழே குளிப்பவர் கண்ணுக்குத் தெரியாது. நீர்வரத்து கூடினால் அருவிக்குச் செல்லத் தடை விதிப்பது இன்று வழக்கம்.

2011 நவம்பரில் பெய்த கனமழையில் திருப்பூர் நகருக்குள்ளேயே ஜம்மனை ஓடையும் சங்கிலிப்பள்ளமும் பெருக்கெடுத்தன. கரையோர வீடுகளோடு மனிதர்களும் அடித்துச்செல்லப்பட்டனர். அப்போது கேள்வி, 'ஓடைக்குள்ளே ஏன் குடியிருந்தாங்க?' என்று மாறியது. 'ஆக்கிரமிப்பு' என்ற சொல்லே எல்லாவற்றுக்கும் விடையாயிற்று. இது நியாயமான விடை அல்ல. 1980களுக்குப் பின் பின்னலாடை ஏற்றுமதி பெருகியபோது தென்மாவட்டங்களிலிருந்து வேலை தேடி வந்தவர்களுக்கு, பனியன் கம்பெனிக்கு நடந்து போகும் தூரத்தில் வாடகை கட்டுப்படியான இடங்களில் ஓடைக்கரையும் ஒன்று. ஆண்டில் பெரும்பகுதி சாக்கடையும் சாயநீருமே ஓடிய பள்ளம், நொய்யல் ஆற்றுக்குப் போகும் வெள்ளத்தின் வழி என்பது வெளியூரிலிருந்து வந்தவருக்கு எப்படித் தெரியும்?

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கியவர்கள் இரண்டு குழுவினர். ஒன்று சென்னையிலிருந்து சென்ற மலையேற்றக் குழு. மற்றொன்று ஈரோடு, திருப்பூர் பகுதியிலிருந்து வார இறுதிக்குக் கிளம்பிய குழு. அதில் சிறுவர்களும் இருந்தனர். மேலே உள்ள கொழுக்குமலையிலிருந்து இறங்கி வரும்போது, ஆளுயரக் காய்ந்த புல்லில் பிடித்த தீயைக் காற்று சரிவெங்கும் பரப்பியது. தப்ப நினைத்துப் பள்ளத்துக்குள் இறங்கியவர்களே பெரிதும் சிக்கினர். குரங்கணி மக்களும் தோட்டத் தொழிலாளர்களும் முதலில் ஓடிச்சென்று, காயமுற்றவர்களைத் தூக்கிவந்தனர். ஹெலிகாப்டர்களும் மீட்புக்கு வந்தன. இறந்தோர் 20 பேருக்கும் மேல். பலர் மருத்துவமனையில் நாட்கணக்கில் போராடி உயிர்விட்டவர்கள்.

பேச்சு உடனே இரண்டாகப் பிரிந்தது. டாப் ஸ்டேஷன் என்ற மலையிடத்துக்கு அனுமதி வாங்கிவிட்டு அனுமதியில்லாத கொழுக்குமலைப் பாதையில் போனார்கள் என்றது ஒரு தரப்பு. சோதனைச்சாவடியில் பணம் வாங்கி உள்ளே விட்டவர்கள் யார் என்று கேட்டது மறுதரப்பு. காட்டுத்தீக் காலத்தில் அந்த மலைக்கு ஆள் அனுப்பியதே பிழை. அதன் பொறுப்பு கட்டணம் கட்டிப் பின்னால் நடந்தவர்களைவிட ஏற்பாட்டாளர்களுக்கும் கண்காணிப்போருக்குமே அதிகம். நடவடிக்கையும் அந்தத் திசையில்தான் போனது: ஏற்பாட்டாளர் ஒருவர் கைதானார், வனச்சரகர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார், வருவாய்த்துறை முதன்மைச் செயலர் அதுல்ய மிஸ்ரா தலைமையில் விசாரணை நடந்தது. இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 4 லட்சம் ரூபாய் அறிவிக்கப்பட்டது.

அதே ஆண்டில் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளைத் தமிழக அரசு வெளியிட்டது. 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 பாதைகள் அறிவிக்கப்பட்டன. இணையத்தில் பதிவு, உடன்வரும் வழிகாட்டி ஆகியவை இதில் கட்டாயம். காட்டுத்தீக் காலமான பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை இப்பாதைகள் மூடப்படுகின்றன.