நியூரம்பர்க் அச்சகத்தில் அல் பத்தானி

கி.பி. 1537இல் ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரில் யோகன்னஸ் பெட்ரேயஸ் என்பவரின் அச்சகத்திலிருந்து ஒரு லத்தீன் புத்தகம் வெளிவந்தது. ஒரே கட்டில் இரண்டு வானியல் நூல்கள். ஆசிரியர்கள் அல்ஃப்ரகானுஸ், அல்பதேக்னியுஸ். பெயரைக் கேட்டால் யாரோ ரோமானியர்கள் என்றுதான் தோன்றும். முன்னவர் கலீஃபா மஃமூன் காலத்து அறிஞர் அல் ஃபர்கானி. பின்னவர் சிரியாவின் ரக்கா நகரில் நாற்பது ஆண்டுகள் வானத்தை அளந்து, 929இல் மறைந்த அல் பத்தானி.

இந்த லத்தீன் மொழிபெயர்ப்புகள் 12ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் செய்யப்பட்டவை. அச்சுக்கலை வரும்வரை ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் அவை கையெழுத்துப் பிரதிகளாகவே சுற்றி வந்தன. தாலமியின் கடினமான நூலை எளிமையாகச் சுருக்கித் தந்ததால் அல் ஃபர்கானியின் நூல் ஐரோப்பிய மாணவர்களுக்குப் பாடநூலானது. அதுதான் முதலில் அச்சேறியது: இத்தாலியின் ஃபெராரா, 1493. ஜெர்மன் அறிஞர் ரெகியோமொன்டானுஸ் 1464இல் பதுவா நகரில் அந்நூலைப் பாடம் நடத்தியபோது ஆற்றிய தொடக்க உரையும் 1537 பதிப்பில் இருக்கிறது.

அல் பத்தானியின் சிறப்பு அவருடைய அளவீடுகள். ஓராண்டு என்பது 365 நாள் 5 மணி 46 நிமிடம் 24 விநாடி என்றார். இன்றைய கணக்கோடு இரண்டரை நிமிடம்கூட வித்தியாசமில்லை. தாலமியின் கணக்கோ ஆறு நிமிடத்துக்கு மேல் பிசகியது. தொலைநோக்கி இல்லாத காலம் அது.

ஆறு ஆண்டுகள் கழித்து, 1543இல், கோப்பர்னிகஸின் புகழ்பெற்ற நூலை அச்சிட்டதும் இதே பெட்ரேயஸ்தான். அதில் அல் பத்தானியின் பெயர் பல இடங்களில் வருகிறது. அதற்காக, 1537 பதிப்பைப் படித்துத்தான் அவர் கற்றார் என்று நாம் பெருமை பேசிவிடக் கூடாது. அல் பத்தானியின் அளவுகள் 1496இலேயே வெனிஸில் அச்சான ரெகியோமொன்டானுஸின் நூல் வழியாக அவருக்குக் கிடைத்திருந்தன. கோப்பர்னிகஸ் தன் கைப்படப் பெயர் சொல்லியிருக்கும்போது மிகைப்படுத்த வேண்டிய தேவையும் இல்லை.

மொழிபெயர்ப்பில் வேடிக்கைகளும் நடந்தன. நம் பிள்ளைகள் கணக்கில் படிக்கும் 'சைன்' அப்படி வந்த சொல். சமஸ்கிருத 'ஜீவா' அரபியில் 'ஜீப்' ஆனது. உயிர்க்குறி இல்லாமல் எழுதியதால் அது 'ஜைப்' என்று வாசிக்கப்பட்டது. ஜைப் என்றால் ஆடையின் மடிப்பு. நாம் சட்டை 'ஜேபி' என்கிறோமே, அதே சொல். லத்தீனில் மடிப்புக்கு 'சினுஸ்'. அதுவே சைன்.

இழப்பும் உண்டு. 1537 பதிப்பில் அல் பத்தானியின் அட்டவணைகள் இல்லை, பிழைகளும் மலிந்திருந்தன. வால்நட்சத்திரத்தால் பெயர் பெற்ற எட்மண்ட் ஹாலி 1693இல் அவற்றைத் திருத்தி வெளியிட்டார். பழைய கிரகண நேரங்களை ஒப்பிட்டபோதுதான் நிலவின் ஓட்டம் நூற்றாண்டுகளில் மெல்ல மாறி வந்திருக்கிறது என்ற ஐயம் அவருக்கு எழுந்தது. ரக்காவில் எழுதப்பட்ட குறிப்புகளும் அதற்கு உதவின.

அட்டவணைகளோடு முழு அரபு மூலமும் அச்சாக இன்னும் இரண்டு நூற்றாண்டு ஆயிற்று. ஸ்பெயினின் எஸ்கோரியல் நூலகத்திலிருந்த கையெழுத்துப் பிரதியைக் கொண்டு, இத்தாலியரான நல்லினோ 1899 முதல் 1907 வரை மிலானில் அதைப் பதிப்பித்தார்.